தூக்கம் கெட்டால் சந்தேகம் கூடுகிறது: மாத்திரையைக் கூட்டச் சொல்வதா?

கடலூர்க்காரி:
தம்பிக்கு 26 வயது, சிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்). அதற்கான ஓலன்சபைன் மாத்திரை 10 மி.கி. ராத்திரி விடாமல் போடுகிறான். குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் மாடிவீட்டுக்காரர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிற எண்ணம் மட்டும் போகவில்லை. 3 மணி வரை முழித்திருந்து மேலே நடக்கும் சத்தத்தையே கவனித்துக்கொண்டிருப்பான். எழுந்திருக்க 11 ஆகிவிடும். சரியாகத் தூங்காத மறுநாள் சந்தேகம் இன்னும் அதிகம். டாக்டரிடம் மாத்திரையைக் கூட்டச் சொல்லலாமா? படுக்கையில் இருக்கும் நேரத்தை 5 மணி நேரமாகக் குறைத்தால் தூக்கம் சரியாகும் என்று படித்தேன். செய்யலாமா?

ராக்கோழி:
அக்கா, நேரத்தைக் குறைக்கும் முறை இவருக்கு வேண்டாம். அது வெறும் தூக்கமின்மைக்கு நல்ல வைத்தியம். இந்த நோயில் தூக்கம் குறைவதே ஆபத்து. ஆக்ஸ்ஃபோர்டில் மனநோய் இல்லாத 68 பேரை மூன்று இரவு 4 மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்கே சந்தேகமும் பிரமை அனுபவங்களும் கூடின. கவலை, மனச்சோர்வு போன்றவை ஏறியதுதான் அதற்கு முக்கிய வழி என்றும் தெரிந்தது.

முதலில் எழும் நேரத்தைப் பிடியுங்கள், படுக்கும் நேரத்தை விட்டுவிடுங்கள். 11 என்பதை 10.30 ஆக்கி, மூன்று நான்கு நாள் நிலைத்தபின் 10. எழுந்த அரை மணிக்குள் மொட்டைமாடியிலோ தெருவிலோ 30 நிமிடம் வெளிச்சம் படட்டும். ஞாயிறன்றும் அதே நேரம். தூக்கம் கண்ணைச் சுழற்றினால்தான் படுக்கை, அது 2 மணியானாலும் சரி. பலரும் சறுக்குவது இங்கேதான்: காலை 7க்கு எழுப்பி, இரவு 10க்கே படுக்கச் சொல்வார்கள். நான்கு மணி நேரம் இருட்டில் படுத்துக் கிடந்தால் மாடிச் சத்தத்தைத் தவிர வேறென்ன காதில் விழும்?

படுத்து 20 நிமிடம் போல ஆகியும் வரவில்லையா, எழுந்து வேறு அறையில் மங்கலான விளக்கில் உட்காரட்டும். கடிகாரம் கண்ணில் படக்கூடாது. மின்விசிறி இரைச்சல் இருந்தால் மேலே நடக்கும் சத்தம் கொஞ்சம் அமுங்கும். பகல் தூக்கம் 3 மணிக்கு முன், அரை மணிக்குள்.

மருந்துப்பெட்டி:
அளவைப் பற்றிப் பேசுமுன், மாத்திரை எத்தனை மணிக்குப் போடுகிறார்?

கடலூர்க்காரி:
எல்லாரும் படுக்கப் போகும்போதுதான். 11.30, சில நாள் 12.

மருந்துப்பெட்டி:
பாதி விடை அதில் இருக்கிறது. ஓலன்சபைன் விழுங்கி சுமார் 6 மணி நேரம் கழித்துத்தான் ரத்தத்தில் உச்சம் தொடும். 12க்குப் போட்டால் உச்சம் காலை 6க்கு. 11 வரை தூங்காமல் என்ன செய்வார்? இரவு 8க்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதே 10 மி.கி., நேரம் மட்டும் வேறு.

சிகரெட் உண்டா? புகை இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் குறைக்கும். சட்டென்று நிறுத்தினால் அளவு ஏறும், அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டே நிறுத்த வேண்டும். காபி, டீ மதியம் 2க்கு மேல் வேண்டாம். கால்களை ஒரு இடத்தில் வைக்க முடியாமல் எழுந்து எழுந்து நடக்கிறாரா என்று பாருங்கள். அது மனக்கவலையால் வருவதாக இல்லாமல் மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். இந்த மருந்தில் எடை ஏறும், கூடவே பலத்த குறட்டையும் மூச்சு நின்று நின்று வருவதும் தொடங்கினால் தூக்கப் பரிசோதனை தேவை. கடையில் கேட்டு அல்பிரசோலம் என்கிற பதற்ற மாத்திரையை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், பழகிவிடும்.

நொச்சி:
தூக்கம் சரியானால் சந்தேகம் தானாகக் கழன்றுவிடும் என்று இருந்துவிட வேண்டாம். நோயாளிகள் 50 பேரிடம் செய்த சோதனையில் தூக்கம் நன்றாகவே தேறியது; சந்தேகம் குறைந்ததா என்பதில் தெளிவான முடிவு கிடைக்கவில்லை. கவலையைத் தனியே பிடித்தபோதுதான் பலன் தெரிந்தது. 2015இல் ஆக்ஸ்ஃபோர்டு உளவியலாளர் டேனியல் ஃப்ரீமன் குழு, யாரோ தீங்கு செய்கிறார்கள் என்ற நம்பிக்கை நீங்காத 150 பேரை எடுத்து, பாதிப்பேருக்கு 8 வாரத்தில் 6 அமர்வு கொடுத்தது. அந்த நம்பிக்கை சரியா தவறா என்ற பேச்சே இல்லை, கவலைப்படும் பழக்கத்தை மட்டும் குறைத்தார்கள். நம்பிக்கையின் பிடியும் தளர்ந்தது.

வீட்டில் செய்யக்கூடியது: மாலை 5.30 முதல் 5.50 வரை கவலைக்கென்று நேரம். ஒரு நோட்டு, ஒரு நாற்காலி, கட்டிலில் கூடாது. மற்ற நேரத்தில் எண்ணம் வந்தால் ஒரு வரி எழுதி மாலைக்குத் தள்ளிவைக்க வேண்டும். 5.50க்கு எழுந்ததும் கையோடு கடைக்குப் போவது மாதிரி ஒரு வேலை இருக்கட்டும், இல்லையென்றால் கவலை இரவு வரை நீளும்.

ராத்திரி 1 மணிக்கு "அவங்க என்னைத்தான் பேசுறாங்க" என்றால் "அப்படியெல்லாம் இல்லடா" என்று வாதம் வேண்டாம். வாதம் சூடேறினால் தூக்கம் போச்சு. "பயமாத்தான் இருக்கும், நோட்டுல எழுதிவை, சாயங்காலம் பேசலாம்." அவ்வளவு போதும்.

ராக்கோழி:
ஒன்று விட்டுப்போனது. இரண்டு இரவு தூங்காமலே சோர்வில்லாமல் துறுதுறுவென்று இருந்தாலோ, நின்றுபோன குரல் திரும்ப வந்தாலோ மேலே சொன்ன எதையும் முயன்று பார்க்க வேண்டாம், அடுத்த நாளே டாக்டர். குரல் 'இதைச் செய்' என்று ஏவினாலோ, சாகிற பேச்சு வந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். வழி தெரியாமல் தவித்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.