காங்கோ போய் வந்த கொங்குநாட்டு வீரர்கள் – தகவல் வேண்டும்

கோபி, பொள்ளாச்சி, தாராபுரம் பக்கத்து உறவுகளுக்கு வணக்கம். 1960 முதல் 1964 வரை காங்கோவில் ஐ.நா. படையில் பணியாற்றிய நம் பகுதி வீரர்கள் யாரையாவது தெரியுமா?

காங்கோ விடுதலை பெற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. செம்பு விளையும் கட்டாங்கா மாகாணத்தைத் தனிநாடு என்று அறிவித்தார் அதன் தலைவர் சோம்பே. அவருக்காகச் சண்டையிட பெல்ஜியம், பிரான்ஸ், தென்னாப்பிரிக்காவிலிருந்தெல்லாம் கூலிப்படையினர் வந்தார்கள். சுரங்கப் பணம் இருந்தால் துப்பாக்கிக்கா பஞ்சம்! 1961 டிசம்பரில் அங்கே ஐ.நா. படையில் போரிட்டு உயிர்நீத்த இந்தியக் கேப்டன் சலாரியாவுக்குப் பரம்வீர் சக்கரம் கிடைத்தது. எனக்கு வேண்டியது சாதாரணச் சிப்பாய் கண்டதும் கேட்டதும்.

அப்பாருடைய டிரங்குப் பெட்டியில் நீலத்தொப்பி, ஐ.நா. பதக்கம், மங்கிய கடிதம் ஏதேனும் கிடந்தால் படமெடுத்து அனுப்புங்கள். பெயர் வேண்டாமென்றால் மறைத்துவிடுகிறேன். தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.