புது கிளட்ச் போட்டும் கியர் விழவில்லையா? கியர் பாக்ஸை இறக்கும் முன் ஏர் எடுத்துப் பாருங்கள்

ஒத்தக்கடையிலிருந்து:

மாசி மாதம் நடந்தது இது. பதினோரு வருஷம் ஓடிய டீசல் வண்டி. அழகர்கோவில் ரோட்டில் நான்காவது கியரில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் என்ஜின் மட்டும் இரையும், வேகம் ஏறாது. பிளேட் தேய்ந்துவிட்டது என்று தெரிந்து ஒரு பட்டறையில் விட்டேன். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் புதிதாகப் போட்டு மூன்றாம் நாள் கொடுத்தார்கள்.

காலையில் எடுத்தபோது பெடல் மெத்தென்று இருந்தது. மதியம் கோரிப்பாளையம் சிக்னலில் நின்றேன். பச்சை விழுந்ததும் கிளட்சைத் தரைவரை மிதித்தும் முதல் கியர் விழவில்லை. கரகரவென்று பல்லோடு பல் உரசுகிற சத்தம். பின்னால் டவுன் பஸ் ஹாரன். பதற்றத்தில் பெடலை நாலைந்து தடவை விட்டுவிட்டு மிதித்தேன். பெடல் கொஞ்சம் இறுகியது, கியரும் விழுந்தது.

பட்டறையில் கேட்டால், "பிளேட்டு சரியா உட்காரலண்ணே, கியர் பாக்ஸை மறுபடி இறக்கணும்" என்றார்கள். இறக்கு கூலியும் மறுபடி நான்தான் கொடுக்க வேண்டுமாம். மனசு ஒப்பவில்லை. வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்து மச்சானைக் கூப்பிட்டேன். மாட்டுத்தாவணியில் வேன் ஓட்டி இருபது வருஷம் தாண்டியவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அடிச்சு அடிச்சு மிதிச்சா கியர் விழுதா மாப்ள?" என்றார். விழுகிறது என்றேன். "அப்பப் பிளேட்டு மேல குத்தமில்லை. லைன்ல ஏர் நிக்குது."

மாருதி 800 போன்ற வண்டிகளில் பெடலிலிருந்து ஒரு கேபிள் போய் கிளட்சை இழுக்கும். அதில் ஏர் என்ற பேச்சே கிடையாது. எங்கள் வண்டியில் இருக்கிற ஹைட்ராலிக் கிளட்சில் கேபிளின் வேலையை பிரேக் ஆயில் செய்கிறது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும், கியர் பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ராடு வெளியே வந்து, கிளட்சை விடுவிக்கும் ஃபோர்க்கைத் தள்ளும். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். குழாயில் சின்னக் குமிழ் நின்றாலும் நாம் மிதிக்கிற மிதியில் பாதி அந்தக் குமிழை அமுக்கவே போய்விடும். ராடு சில மில்லிமீட்டர் குறைவாக நகர்ந்தாலும் போதும், பிளேட் முழுதாக விடாது, கியர் கரகரக்கும். என்ஜின் சூட்டில் காற்று விரியும் என்பதால் காலையில் சமாளித்த வண்டி மதியம் மக்கர் செய்யும். மதுரை வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேப்பமரத்தடியில் ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் வைத்து வேலையை ஆரம்பித்தோம். மச்சான் முதலில் பார்த்தது ஸ்லேவ் உட்கார்ந்திருக்கும் சாய்வை. இந்த வண்டியில் பிளீடர் நிப்பிள், அதாவது ஏரைத் திறந்துவிடும் திருகு, உச்சியில் இல்லை, கொஞ்சம் கீழே தள்ளி இருக்கிறது. காற்று எப்போதும் மேட்டில் போய் நிற்கும். நிப்பிள் பள்ளத்தில் இருந்தால் எத்தனை லிட்டர் ஊற்றி ஏர் எடுத்தாலும் அந்தக் குமிழ் அசையாது. பட்டறையில் இதைக் கவனிக்கவில்லை.

ஹோஸைக் கழற்றாமல் ஸ்லேவின் இரண்டு போல்ட்டை மட்டும் எடுத்தார். சிலிண்டரை, ஹோஸ் மேலே வருகிற மாதிரி கையில் நிமிர்த்திப் பிடித்து, ராடை உள்ளங்கையால் மெதுவாக உள்ளே தள்ளினார். என் மகள் பானெட் பக்கம் நின்று ஆயில் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, கொப்புளம் கொப்புளமா வருது!" என்று கத்தினாள். முதல் தள்ளலில் பெரிய குமிழ், அடுத்ததில் பொடிக் குமிழ்கள், நான்காவதில் ஒன்றுமில்லை. ஸ்லேவ் வெளியே இருக்கும்போது யாரும் பெடலைத் தொடக்கூடாது, பிஸ்டன் தெறித்து வெளியே வந்துவிடும். டிரைவர் கதவையே பூட்டிவிட்டார் மச்சான்.

மாட்டிய பிறகு வழக்கமான முறையில் ஒரு சுற்று. மீன் தொட்டி டியூபை நிப்பிளில் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்கவிட்டோம். நான் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், அவர் நிப்பிளைத் திறந்து மூடுவார், மூடியதும் "விடு" என்பார். அதற்கு முன்னால் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். பெடல் தானாக ஏறாது, கையால் தூக்கிவிட வேண்டும். ஐந்து தடவைக்கு ஒருமுறை டப்பாவை நிரப்பினோம். பதினைந்தாவது தடவை டியூபில் குமிழே இல்லை, சுத்தமான ஆயில் மட்டும் வந்தது.

அப்புறம்தான் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. பெடலை விரலால் தள்ளினால் முதலில் சின்ன ஆட்டம் இருக்க வேண்டும், அதற்குப் பிறகே பெடலின் புஷ் ராடு மாஸ்டர் பிஸ்டனைத் தொட வேண்டும். எங்கள் வண்டியில் ஆட்டமே இல்லை. ஏர் இருந்ததை மறைக்க பட்டறையில் புஷ் ராடை முழுக்க நீட்டி வைத்திருந்தார்கள். அப்படியே விட்டால் மாஸ்டருக்குள் ஆயில் திரும்பும் துவாரம் சரியாகத் திறக்காமல் போகலாம். அது அடைபட்டால் சூட்டில் விரிகிற ஆயிலுக்குப் போக வழியில்லை, கிளட்ச் அரை மிதியிலேயே நிற்கும், புது பிளேட் வழுக்கிக் கருகும். லாக் நட்டைத் தளர்த்தி, ராடைக் குறைத்து, சில மில்லிமீட்டர் ஆட்டம் வைத்தோம். எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலைப் பாருங்கள்.

சித்திரைத் திருவிழாவில் தல்லாகுளம் பக்கம் வண்டிகளைத் திருப்பிவிட்டபோது முக்கால் மணி நேரம் முதல் கியரிலேயே ஊர்ந்தோம். ஒரு தடவைகூடக் கரகரக்கவில்லை.

திருமங்கலத்திலிருந்து:

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. எனக்கு நடந்தது வேறு. புது கிளட்ச் போட்டுப் பத்து நாள் பெடல் அருமையாக இருந்தது. பதினோராம் நாள் பெடல் கீழேயே கிடந்தது, டப்பாவில் ஆயில் இறங்கியிருந்தது. ஸ்லேவின் ரப்பர் பூட்டை விரலால் விலக்கினேன், உள்ளே ஆயில் சொதசொதவென்று நின்றது.

காரணத்தைப் பட்டறைத் தம்பி அழகாக விளக்கினார். பிளேட் தேயத் தேய ஸ்லேவ் பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளப்பட்டுக்கொண்டே வரும். வருஷக்கணக்கில் அது தொடாத, சிலிண்டரின் வெளிப்பக்கத்தில் துருவும் அழுக்கும் படியும். புது பிளேட் போட்டதும் பிஸ்டன் பழையபடி வெளியே வந்து அந்தத் துருவின் மேலேயே ஓடும், ஆயிலை அடைத்து நிற்கும் ரப்பர் வாஷர் கிழியும். கிளட்ச் மாற்றும்போதே ஸ்லேவுக்கும் வாஷர் கிட் போட்டுவிடுங்கள், சிலிண்டரில் குழி விழுந்திருந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள். ஸ்லேவ் கியர் பாக்ஸுக்குள்ளேயே இருக்கிற வண்டியாக இருந்தால் யோசிக்காமல் அப்போதே மாற்றிவிடுங்கள். பிறகு ஒழுகினால் மொத்தத்தையும் மறுபடி இறக்க வேண்டியிருக்கும்.

உசிலம்பட்டியிலிருந்து:

எங்கள் வண்டியில் ஏர் எல்லாம் எடுத்தாகிவிட்டது, பெடலும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிக்னலில் கிளட்சை மிதித்துக்கொண்டே நின்றால் அரை நிமிஷத்தில் வண்டி தானாக முன்னால் நகரப் பார்க்கிறது. வெளியே எங்கும் ஒழுகலும் இல்லை. வீட்டுக்காரர் பவர் ஸ்டீயரிங் ஆயில் மிச்சம் இருக்கிறது, அதை ஊற்றிப் பார்க்கலாமா என்கிறார். ஊற்றலாமா அண்ணா?

ஒத்தக்கடையிலிருந்து:

வேண்டவே வேண்டாம் தங்கச்சி. அந்த ஆயில் பட்டால் பிரேக் ஆயிலுக்கென்று செய்த ரப்பர் எல்லாம் ஊதிப்போகும். பல வண்டிகளில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பாதான், பிரேக்கும் சேர்ந்து கெடும். டப்பா மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும், அதில் உள்ளபடியே சீல் உடைக்காத பாட்டிலாக வாங்குங்கள். திறந்து கிடந்த பாட்டில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துவிடும். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

நீங்கள் சொல்வது பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டர் வாஷராகத்தான் இருக்கும். மிதித்துப் பிடிக்கும்போது ஆயில் வாஷரைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே பின்னால் நழுவும், அதனால் வெளியே சொட்டு தெரியாது. பெடலுக்கு மேலே ராடு நுழைகிற இடத்தையும் விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள், சில சமயம் அங்கே ஈரம் இருக்கும். மாஸ்டரை மாற்றிய பிறகு மறுபடி முழுக்க ஏர் எடுக்க வேண்டும். ஆண்டிபட்டி கணவாய் ஏறுகிற வேலை இருந்தால் அதுவரை தள்ளிப்போடுங்கள்.