கடைத் தராசும் நீதிமொழிகள் 11ஆம் அதிகாரமும்

ஸ்தோத்திரம். தேவபயம்னா என்னன்னு எப்போ புரிஞ்சுதுன்னு கேட்டிருந்தீங்க, எனக்கு அது சபையில புரியல, கடையிலதான் புரிஞ்சுது. எங்க அப்பா திருநெல்வேலி பக்கம் பலசரக்கு கடை வச்சிருந்தாங்க. ராத்திரி கடை சாத்திட்டு வந்ததும் குடும்ப ஜெபம், நீதிமொழிகள்ல 31 அதிகாரம் இருக்குல்ல, தேதிக்கு ஒரு அதிகாரம். பதினொண்ணாம் தேதின்னா முதல் வசனமே "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்"னு வரும், சரியான எடைக்கல்லுதான் அவருக்குப் பிடிக்கும்னு அர்த்தம். சின்ன வயசுல இருந்து மாசாமாசம் கேட்டு எனக்கு அது காதோட நின்னுபோச்சு.

அப்பல்லாம் இரும்பு படிக்கல்லுதான். கல்லோட அடியில ஒரு குழி இருக்கும், அதுல ஈயம் ஊத்தி அதுமேலதான் கவர்மெண்ட் முத்திரை குத்துவாங்க. எனக்கு 22 வயசு, வியாபாரம் டல், பக்கத்துல ஒருத்தர் சொன்னத கேட்டு ஒருநாள் அரைக்கிலோ கல்லுல முத்திரைய ஒட்டி ஓரமா கொஞ்சம் ஈயத்த சுரண்டி எடுத்தேன். எவ்வளவு, ஒரு பத்து கிராம் இருக்கும். யாருக்கும் தெரியல. அப்பாவுக்கும் தெரியல.

அன்னைக்கு ராத்திரி அப்பா ஜெபத்துல "எங்க கடைய உமக்கு சாட்சியா வைங்க ஆண்டவரே"ன்னாங்க, இது எப்பவும் சொல்றதுதான், அம்மா தங்கச்சி எல்லாரும் ஆமென் சொன்னாங்க, எனக்கு மட்டும் வாயில வரல. மறுநாளும் வரல. மூணாவது நாள் கல்ல எடுத்துட்டுப் போய் அப்பா முன்னாடி வச்சு எல்லாத்தையும் சொல்லிட்டேன். அடிப்பாங்கன்னு நினைச்சேன். அவங்க கல்ல கவுத்து வச்சு ஈயத்த கட்டை விரலால தடவிப் பார்த்துட்டு "ஆண்டவர்கிட்ட கேட்டியா"ன்னாங்க, கேட்டேன்னேன், "அப்போ பற்று நோட்ட எடு"ன்னாங்க.

மூணு நாள்ல கடனுக்கு வாங்கினவங்க பேரு நோட்டுல இருந்துச்சு. பைபிள்ல வரி வசூலிக்கிற சகேயு, ஏமாத்தி வாங்கினத நாலத்தனையா திருப்பித் தரேன்னான்ல, அதே கணக்கு, அரைக்கிலோவுக்கு நாப்பது கிராம். உளுந்து, துவரம்பருப்பு, சீனின்னு தனித்தனியா பொட்டலம் மடிச்சு வீடு வீடா நானே கொண்டுபோய் "நிறை குறைஞ்சுபோச்சு பெரியம்மா, நான்தான் குறைச்சேன்"னு சொல்லணும். ஒரு பெரியம்மா கதவ சாத்திட்டாங்க. இன்னொருத்தங்க அழுதாங்க. ரொக்கத்துக்கு வாங்கினவங்கள மட்டும் கண்டுபிடிக்க முடியல, இன்னைக்கும் அது மனசுல கிடக்கு. இப்போ எலக்ட்ரானிக் தராசு, ஆனா கவர் எடைய கழிச்சுட்டுதான் நிறுப்பேன்.

---

அண்ணன், வாசிச்சு கண் கலங்கிட்டு. நான் நர்ஸ். நைட் டியூட்டியில விடியக்காலம் பிபி பார்க்காமலே 120/80ன்னு எழுதுற பழக்கம் எனக்கு வந்துட்டு, தூங்குற பேஷண்ட எதுக்கு எழுப்பணும்னு மனசுக்கு ஒரு சமாதானம். ஒருநாள் எழுதி வச்சப்புறம் சும்மா தோணுச்சேன்னு போய் பார்த்தா ஒரு தாத்தாவுக்கு 80/50, டாக்டர கூப்பிட்டு டிரிப் ஏத்தி தாத்தா பிழைச்சுட்டாங்க. எழுதினத ஒரு கோடு போட்டு அடிச்சு கையெழுத்து போட்டு சிஸ்டர் இன்சார்ஜ்கிட்ட போய் சொன்னேன், மெமோ வந்துச்சு, வாங்கிக்கிட்டேன். அதுக்கப்புறமும் அலுப்புல அதே சோதனை வரும், ஒரே விஷயத்துக்கு எத்தனை தடவைதான் ஆண்டவர்கிட்ட ஞானம் கேக்குறதுன்னு வெக்கமா இருக்கும். அப்போ யாக்கோபு 1:5ல "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவருமாகிய தேவன்"னு ஒரு வார்த்தை இருக்குல்ல, அத பிடிச்சுக்குவேன். கேக்குறவங்கள திட்டாத தேவன். இதுக்கு முன்னாடி எத்தனையோ தடவை வாசிச்சும் அந்த ஒரு வார்த்தை என் கண்ணுல பட்டதே இல்ல.

---

சிஸ்டர், அதேதான். சாலொமோன் ராஜா கிபியோன்ங்கிற ஊர்ல ஆண்டவர்கிட்ட ஞானமுள்ள இருதயம் வேணும்னு கேட்டாருல்ல, அந்த இடத்துல எபிரெயுல "கேக்குற இருதயம்"னு இருக்குன்னு எங்க சபை போதகர் ஐயர் ஒரு தடவை சொன்னாங்க. அண்ணனுக்கு ஆமென் வாயில வராம நின்னதும், உங்களுக்கு சும்மா போய் பார்க்கணும்னு தோணினதும் அதுதான்னு நினைக்கிறேன். எனக்கு ஒரு விஷயத்துல ரெண்டு வருஷமா ஆமென் வரல, அண்ணன். யார்கிட்டயும் சொன்னதில்ல. இன்னைக்கு ராத்திரி என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லப்போறேன், ஜெபிச்சுக்கோங்க.