தாராவி மழைக்கால வயித்துப்போக்கு: வீடு வீடாப் போறவங்க குழு

மீனா அக்கா: நாளைக்கு கிராஸ் ரோடு சந்துக்குப் போறவங்க கவனிங்க. ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி) பாக்கெட்டைக் கையில குடுத்துட்டு வந்துடாதீங்க. அவங்க பாட்டில்லயே கலக்கிக் காட்டணும். பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர், சின்னதுக்கு 200 மில்லி.

செல்வம்: ஒரு டம்ளர்லயே பெரிய பாக்கெட்டைக் கொட்டுறாங்கக்கா. கெட்டியா இருந்தா சீக்கிரம் கேக்குமாம்.

மீனா அக்கா: அதான் ஆபத்து. ரத்தத்துல உப்பு ஏறி வலிப்பு வரைக்கும் போகும். பாதியை மடிச்சு வைக்கவும் விடாதீங்க, இந்த ஈரத்துல கட்டியாயிரும். கலக்கினது 24 மணி நேரம்தான், அப்புறம் கொட்டிரணும்.

ரோசி: பாக்கெட் தீர்ந்துட்டா?

மீனா அக்கா: ஒரு லிட்டர் ஆறவெச்ச வெந்நி, தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. நாக்குல வெச்சுப் பாருங்க. கண்ணீரைவிடக் கரிச்சா கொட்டிட்டு மறுபடி கலக்குங்க.

செல்வம்: ஓஆர்எஸ்னு பேர் போட்ட டப்பா ஜூஸ்?

மீனா அக்கா: சர்க்கரை ஜாஸ்தி, போக்கு கூடும். அந்தப் பேரே போடக்கூடாதுன்னு 2025 அக்டோபர்ல எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உத்தரவு போட்டாச்சு. பழைய ஸ்டாக் இருந்தா வாங்க விடாதீங்க.

முத்து அண்ணே: வாந்தி எடுத்தா 10 நிமிஷம் பொறுத்து, 2-3 நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். மடமடன்னு ஊத்தினா திரும்ப வந்துரும்.

ரோசி: பாட்டிமார் சோறே ஆகாதுங்கறாங்க. வெறும் கஞ்சித் தண்ணிதான்.

மீனா அக்கா: இங்கதான் நேரம் எடுத்துப் பேசணும். கஞ்சித் தண்ணியில தெம்பு கிடையாது. 2 பங்கு அரிசி, 1 பங்கு பாசிப்பருப்பு, குழைய வேகவெச்சு கிண்ணத்துக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய். ஸ்பூனைச் சாய்ச்சா வழியக் கூடாது. 3-4 மணிக்கொரு தரம் கொஞ்சம் கொஞ்சமா. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. போக்கு நின்னாலும் ரெண்டு வாரம் தினம் ஒரு வேளை கூடுதல். அம்மாகிட்ட மட்டும் சொல்லிப் புண்ணியமில்ல, அடுப்பு பாட்டி கையில. அவங்களையே கிண்டச் சொல்லுங்க.

முத்து அண்ணே: ஜிங்க் (துத்தநாக) மாத்திரை தினம் ஒண்ணா 14 நாள். 6 மாசத்துக்கு மேல 20 மில்லிகிராம், 2-6 மாசத்துக்குப் பாதி. மூணாம் நாள் போக்கு நின்னதும் மாத்திரையை விட்டுடுவாங்க, அட்டையை எண்ணிப் பாருங்க.

ரோசி: பிள்ளை மெலிஞ்சிருக்கான்னு அளக்கற கை டேப்?

முத்து அண்ணே: 6 மாசம் முதல் 5 வயசு வரை. இடது கை, தோளுக்கும் முழங்கைக்கும் நட்டநடுவுல, கையைத் தொங்கவிட்டு. இறுக்கினா எல்லாப் பிள்ளைக்கும் டேப்புல சிவப்பு, அதாவது ரொம்ப மெலிவுன்னுதான் காட்டும். 11.5 செ.மீ.க்குக் கீழ இருந்தா சோட்டா சயான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க.

மீனா அக்கா: மலத்துல ரத்தம், குழி விழுந்த கண்ணு, குடிக்க முடியாத சோர்வு இருந்தா டேப்பெல்லாம் அப்புறம், நேரா ஆஸ்பத்திரி. வழியிலயும் ஸ்பூன்ல குடுத்துட்டே போகச் சொல்லுங்க.

செல்வம்: சரிக்கா. லிட்டர் பாட்டில் இல்லாத வீட்டுக்கு நாலஞ்சு காலி பாட்டில் கழுவி எடுத்துட்டு வரேன்.