புதுப்பிப்பு: ஒய் குரோமோசோம் நுண்நீக்கப் பரிசோதனையின் முடிவு

என் விந்து நீரில் விந்தணுக்களே இல்லை, குரோமோசோம் பரிசோதனையோ 46,எக்ஸ்ஒய் என இயல்பாக வந்திருக்கிறது, அப்படியிருக்க ஒய் நுண்நீக்கப் பரிசோதனையும் (ஒய் குரோமோசோமில் மிகச் சிறு பகுதி ஏதேனும் விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பது) அவசியமா என்று முந்தைய பதிவில் கேட்டிருந்தேன். அவசியம் என்று வலியுறுத்தியவர்களுக்கு மனமார்ந்த நன்றி, முடிவு வந்துவிட்டது.

அறிக்கையில் எஸ்ஒய்254, எஸ்ஒய்255 ஆகிய இரண்டு குறியிடங்களுக்கு (டிஎன்ஏவில் தேடப்படும் அடையாள இடங்களுக்கு) நேரே மட்டும் ‘இல்லை’ என்றிருக்கிறது. அதாவது, ஒய் குரோமோசோமின் நீண்ட கரத்தில், விந்தணு உற்பத்திக்குத் தேவையான ஏஇசட்எஃப் பகுதிகளுள் ஒன்றான ஏஇசட்எஃப்-சி பகுதி நீங்கியிருக்கிறது. வழக்கமாக இந்நீக்கம் ஏறத்தாழ 35 லட்சம் கார இணைகள் (டிஎன்ஏவின் அடிப்படை அலகுகள்) நீளமுடையது என்றாலும், நுண்ணோக்கி வழியே பார்க்கும் குரோமோசோம் பரிசோதனையில் அது புலப்படுவதில்லை. டிஎன்ஏவின் குறிப்பிட்ட பகுதியைப் பலமடங்கு படியெடுத்துப் பார்க்கும் பிசிஆர் முறையில்தான் தெரியவருகிறது.

ஏஇசட்எஃப்-ஏ அல்லது பி பகுதி முழுமையாக நீங்கியிருந்தால் விரையில் தேடினாலும் விந்தணு கிடைக்காது என்பதால் அறுவைச் சிகிச்சையையே பரிந்துரைப்பதில்லை என்றும், சி பகுதி மட்டும் நீங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மைக்ரோ டீசி (நுண்ணோக்கி உதவியுடன் விரையிலிருந்து விந்தணுவைத் தேடியெடுக்கும்) அறுவைச் சிகிச்சையில் விந்தணு கிடைக்கிறது என்றும் மருத்துவர் விளக்கினார். வீண் அறுவையைத் தவிர்க்க உதவும் இந்த இரத்தப் பரிசோதனையை முதலிலேயே எழுதிக்கொடுப்பதுதான் முறை என்பது என் உறுதியான கருத்து.

கிடைக்கும் விந்தணுவைக் கொண்டு இக்சி முறையில் (ஒரு விந்தணுவைக் கருமுட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் முறை) மகன் பிறந்தால் இதே நீக்கம் அவனுக்கும் செல்லும், மகளுக்குச் செல்லாது. மரபியல் ஆலோசகரிடம் இதைப் பற்றி விரிவாகப் பேசிய பிறகு, நானும் மனைவியும் சிகிச்சைக்குச் சம்மதித்திருக்கிறோம்.