அம்மப்பாவின் கம்பிக் கையுறை: கார்மண்ட்ஸில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்

முரசுமோட்டைப் பேத்தி:
என் அம்மப்பா 83 ஜூலைக்கு முன் கொழும்பில் ஒரு கார்மண்ட்ஸ் கம்பெனியில் இருந்தவர். கலவரத்தோடு ஊருக்கு வந்து வயலில் இறங்கியவர்தான், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. வீட்டில் 'தையல் கம்பெனி' என்போம். ஆனால் மனுசனுக்கு ஒரு பொத்தான்கூடத் தைக்கத் தெரியாது! 2009 இல் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்களோடு அம்மா காவித் திரிந்த பைக்குள் அவருடைய கையுறை ஒன்று கிடக்கிறது. சின்னக் கம்பி வளையங்களால் பின்னியது. இடது கைக்கு மட்டும், அதுவும் பெருவிரலுக்கும் பக்கத்து இரண்டு விரல்களுக்கும்தான் இடம். இது எதற்கு?

வவுனியா கட்டர்:
தங்கச்சி, அவர் தைக்கிற ஆள் இல்லை, என்னைப்போல கட்டர், துணி வெட்டுகிற ஆள். நீள மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே மார்க்கர் பேப்பரைப் போடுவோம். சட்டையின் கை, முதுகு, கொலர் எல்லாம் அதில் வரைந்திருக்கும். கோட்டு வழியே மின்சாரக் கத்தியை வலது கையால் தள்ள, இடது கை துணியை அமத்திப் பிடிக்கும். கத்திக்குக் கிட்ட நிற்பது அந்த மூன்று விரல்களும்தான். கொஞ்சம் சரித்துத் தள்ளினாலும் மேல் துண்டு ஒரு அளவு, அடித்துண்டு வேறு அளவாகிவிடும். தையல் பிழைத்தால் பிரிக்கலாம். வெட்டுப் பிழைத்தால் அடுக்கு முழுவதும் போச்சு. அதனால் கட்டருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருக்கும், அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

முரசுமோட்டைப் பேத்தி:
தலைக்கனமா, அதை ஏன் கேட்கிறீர்கள் அண்ணா! பள்ளிக்கூடத்தில் சீருடைத் துணி தந்தால் தையற்காரரிடம் அப்படியே கொடுக்க விடமாட்டாராம். பாயில் விரித்து, பேப்பரில் வெட்டிய துண்டுகளை அங்கும் இங்கும் திருப்பித் திருப்பி வைப்பாராம். பொருளாதாரத் தடை இருந்த காலம், துணிக்குத் தட்டுப்பாடு. இரண்டு பிள்ளைகளின் துணியைச் சேர்த்து வெட்டி, மிச்சத்தில் மூன்றாவதுக்கும் ஒரு சட்டை எடுத்துவிடுவாராம். சின்ன மாமாவின் சட்டைக்கு மட்டும் பின்பக்கம் ஒட்டு இருந்ததாம். மாமாவுக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

வவுனியா கட்டர்:
துணி வீணாகாமல் துண்டுகளை இப்படித் திருப்பி வைப்பதுதான் மார்க்கர் வேலை. எங்களுக்கு இப்போது அதைக் கம்ப்யூட்டர் வைத்துத் தருகிறது.

பழைய கிளாக்கர்:
பிள்ளை, ஒரு விசயம். கம்பெனி அவருக்கு ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டியதா? 1958 இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆள் இறந்துவிட்டால் பெயர் குறிப்பிட்டவரோ, இல்லாவிட்டால் சட்டப்படியான உரித்தாளிகளோ கேட்கலாம். பையில் பழைய சம்பளத் துண்டு இருந்தால் கம்பெனி இலக்கமும் உறுப்பினர் இலக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். அடையாள அட்டை, மரணச் சான்றிதழில் பெயர் ஒரே மாதிரி இல்லையென்றால் இழுபடும், அதை முதலில் சரிபாருங்கள்.

முரசுமோட்டைப் பேத்தி:
நன்றி ஐயா. ஒரு அட்டை இருக்கிறது, தண்ணீர் பட்டு மை பரவிவிட்டது. இலக்கத்தில் கடைசி இரண்டும் தெரியவில்லை. அதோடு போனால் தொழில் திணைக்களத்தில் தேடித் தருவார்களா?

பழைய கிளாக்கர்:
கம்பெனிப் பெயரையும் அவருடைய அடையாள அட்டை இலக்கத்தையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள், கையெழுத்து அவதான் வைக்கவேண்டி வரும்.