எஸ்30வி கத்தி கூராக மறுக்கிறது, வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் மூன்று மடக்குக் கத்திகள் இருக்கின்றன: 1095 கார்பன் ஸ்டீல், டி2, எஸ்30வி (மூன்றுமே எஃகு வகைகளின் பெயர்கள்). மூன்றையும் ஒரே அலுமினியம் ஆக்சைடு சாணைக்கல்லில்தான் தீட்டுகிறேன். 400 கிரிட்டில் (கல்லின் சொரசொரப்பு அளவு, எண் கூடக் கூட கல் நைசாக இருக்கும்) தொடங்கி 1000-இல் முடிப்பேன், பக்கத்துக்கு 20 டிகிரி சாய்வு.

1095 சொன்ன பேச்சைக் கேட்கிறது. கொஞ்ச நேரத்திலேயே மறுபக்கம் பிசிறு (விளிம்பில் மடங்கி நிற்கும் மெல்லிய உலோக இழை) எழும்பிவிடும், விரலால் வருடினால் தட்டுப்படும். பழைய தோல் பெல்ட்டில் நாலு தடவை இழுத்தால் போதும், காகிதத்தைச் சத்தமில்லாமல் அறுக்கும்.

எஸ்30விதான் பாடாய்ப் படுத்துகிறது. அதில் சுமார் 4 சதவீதம் வனேடியம். அது எஃகிலுள்ள கார்பனோடு சேர்ந்து உண்டாக்கும் வனேடியம் கார்பைடு துகள்கள் என் கல்லைவிடவே கடினமானவை. அரைமணி நேரம் தேய்த்தும் பிடியை ஒட்டிய ஒரு அங்குலம் மழுங்கலாகவே நிற்கிறது. மார்க்கர் மை பூசிப் பார்த்தேன். அந்த இடத்தில் மேலே மை அழிகிறது, விளிம்பில் மட்டும் மெல்லிய கறுப்புக் கோடு அப்படியே இருக்கிறது. அப்படியென்றால் கோளாறு கல்லிலா, என் கைச் சாய்விலா?

டி2-வில் பிசிறு வருகிறது, ஆனால் உதிராமல் இரண்டு பக்கமும் மாறி மாறி மடங்குகிறது. கடைசியில் கோணத்தைச் சற்றுக் கூட்டி, அழுத்தாமல் இரண்டு இழுப்பு கொடுத்தால் போய்விடுமா?

அப்புறம், வைரத் தகடு (வைரத்தூள் பதித்த சாணை) வாங்கினால் எஸ்30வி-க்கு எந்த கிரிட்டோடு நிறுத்துவது? அது அப்பா கொடுத்த கத்தி, உலோகத்தை வீணாகத் தேய்க்க மனம் வரவில்லை. செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.